வாடகை சோபாவும் ஜெபசுதாவின் குரல்களும்

ஜெபசுதாவுக்குப் போலியோ காலில்தான். நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. நாசரேத்தில் படிக்கும்போதே தலைமையாசிரியை குரலில் பேசி, வகுப்பையே மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பியவள். பிறகு துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் போன் எடுக்கிற வேலை. முதலாளி குறட்டை விடும் நேரத்தில், லாரிக்காரர்களை அவர் குரலிலேயே இவள் ஏசுவாள். அவர்களும் பவ்யமாகச் சரி அண்ணாச்சி என்பார்கள்.

இப்போது துறைமுக ரோட்டில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பகல்நேர மையம் அவள் பொறுப்பில். அரசாங்க நிதி வந்தால்தான் பிசியோதெரபி டீச்சர் வருவார். கடற்கரை ஊர்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவர வேன் ஓடும். நிதி நின்றால் பிள்ளைகள் பழையபடி வீட்டு மூலையில்தான்.

நிதியைத் தொடரலாமா என்று பார்க்க ஒரு அதிகாரி வருகிறார் என்றதும், மையத்தின் தலைவர் மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. பாத்திரக்கடைக்காரர். வந்த ஆளிடம் இல்லாமையைக் காட்டக்கூடாது என்பது அவர் வீட்டுப் பரம்பரைச் சட்டம். உள்ளது உள்ளபடி இருக்கட்டுமே என்று ஜெபசுதா சொல்லிப் பார்த்தாள்.

"ஏளா சுதா, ஆபீசர் வாராரு. ஒடைஞ்ச சேர்லயா உக்கார வைப்ப?"

பந்தல் சாமான் வாடகைக்கு விடும் பேச்சிமுத்துவின் வண்டி வந்து நின்றது. சிவப்பு வெல்வெட் மாப்பிள்ளை சோபா, கம்பளம், ஏர்கூலர், பன்னீர் தெளிக்கிற பொம்மை எல்லாம் இறங்கின. ஒடிந்த நாற்காலிகள் பாத்ரூமுக்குள் ஒளிந்தன.

அதிகாரி சோபாவில் அமுங்கினார். பொம்மை பன்னீர் தெளித்தது. தின்ன மக்ரூன் வந்தது, மெல்ல ஆத்தூர் வெற்றிலை வந்தது. பொண்ணு மட்டும்தான் வரவில்லை. சுற்றிப் பார்த்தவர், இவ்வளவு வசதி இருக்கையில் நிதி எதற்கு, இல்லாத இடத்துக்குக் கொடுக்கலாமே என்றார். அண்ணாச்சி பூரித்துத் தலையாட்டினார். பாதி ஆட்டத்தில்தான் உறைத்தது. தலை அப்படியே நின்றது.

எல்லாம் வாடகை என்று போட்டு உடைக்க ஜெபசுதாவுக்கு மனசு வரவில்லை. சரி, அண்ணாச்சியே சொல்லட்டும் என்று அடுப்படிக்குப் போய் மையத்துப் போனை எடுத்தாள். அவள் தொண்டையிலிருந்து அண்ணாச்சி பேசினார்.

"ஏலே பேச்சிமுத்து, சாமானையெல்லாம் இப்பமே வந்து அள்ளிட்டுப் போ."

சாயங்காலம் கல்யாணம் ஒன்று கையில் இருந்ததால் பேச்சிமுத்து பறந்து வந்தான். முதலில் கம்பளம் சுருண்டது. அதிகாரி காலைத் தூக்கிக்கொண்டார். கூலர் போனது. பொம்மை கடைசிச் சொட்டை அண்ணாச்சி முகத்தில் தெளித்துவிட்டுப் போனது. பிறகு பேச்சிமுத்து பணிவாகக் குனிந்தான்.

"சார், கொஞ்சம் எந்திரிக்கியளா? இதுல மாப்பிள்ளை உக்காரணும்."

"ஒன்னைய யாருல வரச் சொன்னா?" என்றார் அண்ணாச்சி.

"நீங்கதான அண்ணாச்சி போன் போட்டிய."

ஜெபசுதா கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

உட்கார வேறு எதுவும் இல்லை. பிள்ளைகள் பயிற்சி செய்யும் பெரிய ரப்பர் பந்தை அவள் உருட்டிவிட, அதிகாரி அதில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஆடாம உக்காரதுக்கு டீச்சர் பழக்கித் தருவாங்க சார். அவங்க வாரது இந்த நிதியிலதான்" என்றாள், இந்தத் தடவை சொந்தக் குரலில்.

மக்ரூன் ஒட்டிய கையைக் கழுவ அவர் பாத்ரூம் கதவைத் திறந்தார். நாற்காலிகள் சரிந்து காலடியில் விழுந்தன. கை கழுவாமலே அவர் ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

நிதி தொடர்ந்தது, கூடவே புது நாற்காலிகளும் வந்தன. நாற்காலி வந்த அன்றைக்கே அண்ணாச்சி, இதைக் கொண்டாட வேண்டாமா, பேச்சிமுத்துவுக்குப் போனைப் போடு என்றார். ஜெபசுதா கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பேச்சிமுத்துவின் குரலில் சொன்னாள்:

"சாமான்லாம் வெளிய போயிருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி சுற்றுமுற்றும் பேச்சிமுத்துவைத் தேடினார்.