தலைப்புக்கு மட்டும்

தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய புதன்கிழமை காலை, அக்கா கணினியில் 'ழ'வின் சுழிக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே டாக்சி மூன்று முறை ஹாரன் அடித்தது. அம்மா பெட்டியைப் பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். அக்காவின் கண் திரையை விட்டு நகரவில்லை.

"அக்கா, கிளம்பறேன்."

"ரெண்டு நிமிஷம்டா. இந்தச் சுழியை விட்டா பிடிக்க முடியாது."

"என்னை விட்டா மட்டும் பிடிச்சிருவியா?"

அந்த இரண்டு நிமிஷம் முடிந்தபோது மணி பதினொன்று. விமானமே கிளம்பியிருந்தது, சுழியும் சரியாக வரவில்லை. அதற்குப்பின் தம்பி வாரம் தவறாமல் அம்மாவிடம் பேசினான். அக்கா போனை வாங்கினால் மட்டும் அவனுக்குச் சிக்னல் போய்விடும்.

அவள் வரைந்தது, நூறு வருஷத்துச் சுவரொட்டியிலிருந்து உரித்தெடுத்தது போன்ற அலங்கார எழுத்துரு. ஒவ்வோர் எழுத்துக்கும் கொடி, நிழல், வயிற்றுக்குள் ஒரு கோடு. ஓரங்களைக் கத்தி போல வரைய ஆறு மாதம். பிறகு அச்செடுத்து, தாளைக் கசக்கி, தரையில் தேய்த்து, அதே ஓரங்களைக் கெடுக்க எட்டு மாதம்.

"புதுச் சட்டையை வாங்கி எலிகிட்ட குடுத்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

ஊர் உலகம் அப்படி நினைக்கவில்லை. அந்த எழுத்தில் பெயர் போட்டதும், போன மாதம் பிறந்த சோப்புக் கம்பெனி பரம்பரைக் கம்பெனி ஆயிற்று. தாடி எண்ணெய்க்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் திடீரென்று தாத்தாக்கள் முளைத்தார்கள். எழுத்துருவோடு அவள் அனுப்பும் குறிப்பு கண்டிப்பானது: தலைப்புக்கு மட்டும், பெரிதாக, நாலு வார்த்தைக்கு மேல் கூடாது. ஒரு பல் டாக்டர் தன் விதிமுறைகள் முழுவதையும் அதில் அடித்துச் சுவரில் மாட்டியபோது, நேரில் போய்ச் சண்டை போட்டாள்.

"எல்லாரும் நின்னு படிக்கறாங்களேம்மா?"

"படிக்கலை டாக்டர். வலியில முறைச்சுப் பாக்கறாங்க."

இவ்வளவு விவரமானவள், மூன்றாம் வருஷம் தம்பிக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கையால் எழுதலாம்தான், ஆனால் எழுத்து வரைகிறவளின் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர் மட்டுமே படிப்பார். சாதாரண எழுத்துரு மரியாதையாக இராது என்று பட்டது. மூன்று பக்கம், பொடி அளவில், கொடியும் நிழலுமாகத் தன் எழுத்திலேயே அடித்தாள். அன்றைக்கு வாசல்வரைகூட வராதது தப்பு என்று இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே சொல்லியிருந்தாள். உறைமேல் முகவரியை அம்மா எழுதினாள். அதனால் போய்ச் சேர்ந்தது.

பதில் இல்லை. ஒரு மாதம் அழுதாள். அடுத்த மாதம் கோபம் இவளுக்கு வந்துவிட்டது.

"மூணு பக்கம்மா! கல்லு மனசு அவனுக்கு."

பதினொரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், அவள் போனுக்கே செய்தி வந்தது:

"அக்கா, அம்மா ஏதோ கடை விளம்பரம் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சு மூலையில போட்டுட்டேன். இன்னிக்கு வீடு மாத்தும்போது பாத்தா, 'தம்பி'ன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சுது. மீதி ஒண்ணும் புரியல. திட்டியிருக்கியா, கெஞ்சியிருக்கியா? ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. போன் பண்ணி நீயே படிச்சுக் காட்டு."