ரங்கையா வீட்டுக் கத்தி

ரங்கையாவுக்குச் சவரக்கத்தி பிடிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஊருக்குள் கடை வைத்திருந்தவர் காலனி ஆட்களுக்கு முகம் மழிக்கமாட்டார், அவ்வளவுதான். தன் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புத்தூர் சந்தையில் ஒரு பழைய கத்தியும் தீட்டுக்கல்லும் வாங்கிவந்தார். தாலி கட்டும்போது இடது தாடையில் புண் ஆறவில்லை. அவர் மனைவி மணியம்மா இன்றைக்கும் சொல்வாள்: "ஊரே பாத்துக்கினு இருக்குது, மாப்புள மூஞ்சில ஈ மொய்க்குது."

அரிவாள் தீட்டிய பழக்கத்தில் கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்துத் தேய்த்ததில் அதன் கூர்வாயே போயிருந்தது. முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படிந்திருக்க வேண்டும், வாய் முன்னால் போக வேண்டும், கை அழுத்தவே கூடாது என்பது பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. தோல் வாரில் இழுக்கும்போது அப்படியே தலைகீழ். முதுகு முன்னே, வாய் பின்னே. அது தெரியாமல் இரண்டு பெல்ட்டை அறுத்துவிட்டார். மழித்து முடித்தால் துடைத்து, ஈரம் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவித்தான் மடிக்க வேண்டும். ஒருநாள் சோம்பல்பட்டாலும் துரு புள்ளி வைத்துவிடும்.

முப்பத்தாறு வருடம் போய்விட்டது. கூலிக்குப் போன கடலைக்காட்டிலேயே இப்போது ஒன்றரை ஏக்கர் அவருக்குச் சொந்தம். காலனியில் பாதிப் பேரின் தாடைக்கு அந்தக் கத்தியைத் தெரியும்.

மகன் கிரண்குமாருக்கு சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலை. அங்கே சலூனில் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அதனால்தான் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், ஊருக்குள் புதிதாகக் கடை போட்டிருந்த ரமணாவிடம் தானாகவே போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"நைனா, சாயங்காலம் வரச்சொல்லிட்டான். ஒன் கத்தியப் பத்தி அவனுக்கே தெரிஞ்சிக்குது. 'பெள்ளிகொடுகுக்கு, கல்யாண மாப்புளைக்கு பிளேடு எதுக்கு அன்னா, உங்க நைனா கத்திய எத்துக்கினு வா, அதுலயே ஜம்முனு செஞ்சி வுடறேன்'னான்."

பந்தல் காலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த ரங்கையாவின் கை நின்றது.

"டவலு?"

"அதையும்தான். புதுசா எத்துக்கினு வரச்சொன்னான்."

ரமணா கடையை அவர் ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறார். ஆளுக்கு ஒரு புது பிளேடு. பாதியாக உடைத்துப் பிடியில் செருகுவான், முடிந்ததும் டப்பாவில் போடுவான். ஒருத்தர் முகத்தில் பட்டது இன்னொருத்தர் முகத்தில் படுவதே இல்லை. அப்படியும் காலனிப் பிள்ளை மட்டும் வீட்டிலிருந்து கத்தி கொண்டுபோக வேண்டும்.

சொல்லியிருக்கலாம். வாயெல்லாம் பல்லாக நிற்கிற பிள்ளையிடம் சொல்ல மனசு வரவில்லை. அவர் வேறு கணக்குப் போட்டார். சோப்பு பூசிய பிறகு கத்தி அறுக்காவிட்டால் ரமணா என்ன செய்வான்? பிளேடை உடைத்துத்தானே ஆக வேண்டும்?

மூன்று மணிக்குத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போனார். கத்தியை விரித்து, வாயைச் சிமெண்டு விளிம்பில் நட்டமாக வைத்து ஒரே இழுப்பு இழுத்தார். பல் கூசியது. பிறகு எப்போதும்போலத் துடைத்து, எண்ணெய் தடவி, மடித்து மகன் கையில் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு கிரண்குமார் பைக்கில் திரும்பி வந்தான். கழுத்தில் புது டவல். சோப்பு நுரை முகத்திலேயே காய்ந்து பொருக்காக நின்றது. வலது கன்னத்தில் மட்டும் ஒரு கோடு சிவந்திருந்தது.

பந்தலில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் ஹரிபாபு சிரித்தார். "இன்னாடா மாப்புள, மாவு பூசி வடை சுடப் போறாங்களா?"

அவன் நேராக அப்பாவிடம் வந்தான்.

"கத்தி அறுக்கல."

"பிளேடு போட்டிருப்பானே?"

"தீந்துபோச்சின்னான். கண்ணாடிக்குக் கீழ புது பிளேடு பாக்கெட்டு நெறைய இருக்குது. நானும் அதப் பாக்கறேன், நான் பாக்கறத அவனும் பாக்கறான். 'வெளிய தெரிஞ்சா நாளைக்கி ஊர்க்காரன் ஒருத்தன் கடைக்கி ஏறமாட்டான் அன்னா, என் பொழப்பு போயிடும்'னு கையப் புடிச்சிக்கினான்."

"சேர்லதான ஒக்கார வெச்சான்?"

"கடைப் பின்வாசல்ல. ஸ்டூல்ல."

கத்தியை விரித்து வெளிச்சத்துக்குக் காட்டினான். "இது தானா மொண்ணையாவல. நேத்து நீ மழிச்சிக்கினப்ப நல்லாத்தான் இருந்துச்சி. நீதான பண்ண?"

ரங்கையா தலையாட்டினார். "வேற வழியில்லாம பிளேடு போடுவான்னு நெனச்சேன்டா."

"சொல்லியிருந்தா போயே இருக்கமாட்டேன். சொல்லாம, கத்தியையும் தொடாம வுட்டிருந்தா, ஒன்னுமே தெரியாம சந்தோசமா மழிச்சிக்கினு வந்திருப்பேன். ரெண்டுத்துக்கும் இல்லாம பண்ணிட்டியே நைனா."

ரங்கையா கல்லை எடுத்துவந்து தண்ணீர் தெளித்தார். நெளிந்த வாயைத் திரும்பக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முதுகைப் படியவைத்து, அழுத்தாமல், ஒரு பக்கம் போய் மறுபக்கம் திருப்பி. அவசரத்தில் அழுத்தினால் இன்னும் கெடும். நலங்குக்கு நேரமாகிறது என்று பெண்கள் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மணியம்மா வெந்நீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். முன்கை முடியில் வைத்துப் பார்த்தார். போனது. வாரில் இழுத்தார்.

வாடகைக்கு வந்திருந்த சிவப்பு மெத்தை நாற்காலியில் மகனை உட்காரச் சொன்னார். அவன் கேட்காமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் கொடுத்தான். தொண்டைக்குழிக்கு மேலே கத்தி போய்வரும்போது அவன் எச்சில் கூட விழுங்கவில்லை. ஒரு கீறல் விழவில்லை. முடிந்ததும் முகத்தைத் தடவிப் பார்க்காமலே எழுந்து உள்ளே போய்விட்டான்.

ரங்கையா கத்தியைத் துடைத்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். முக்காலியில் அதற்குள் ஹரிபாபு வந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் இன்னும் மூன்று பேர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்கள்.

"எனுக்கும் ஒரு இழுப்பு இழுத்து வுடு மாமா. காலைல முகூர்த்தம் பாரு."

புட்டியை மூடி வைத்துவிட்டு, ரங்கையா மறுபடி வாரைப் பிடித்தார்.