அச்சிமுகம்மது பாஸ்ட இடக்கண்

ஊருக்கெல்லாம் கதவு பொருத்துற மனிசனுக்கு ஒரு துவக்கத் தன்ட தோளுக்குப் பொருத்தத் தெரியல்ல. சாய்ந்தமருதுல மரவேலை செய்யிற அச்சிமுகம்மது பாஸத்தான் சொல்றன்.

ஆள் சாகிற துவக்கில்ல, எயார் றைபிள். பின்னேரம் அசறுத் தொழுதிட்டு வந்து, பின்வளவுல வெறும் பால் டின், பேணிய அடுக்கி, பின்னால மண்மூட்டைய வெச்சி டப்பு டப்பெண்டு சுடுவாரு. முந்தி, சண்டைக் காலத்துல, வெடிச்சத்தம் கேட்டா இந்த ஊரே கட்டிலுக்குக் கீழ போகும். இப்ப பக்கத்து வீட்டுக் கோழியும் திரும்பிப் பாக்கிறல்ல. அது நல்லம்.

வளவு பொஞ்சாதி ஸுஹைறாட சீதனம். சட்டமும் அவடதான்: குருவி, அணிலுக்குச் சுடப்படாது, பேணிக்கு மட்டும்.

"பேணிக்குந்தான் மச்சானால ஒரு ஆபத்தும் இல்லயே, ராத்தா" எண்டு சிரிப்பான் அவட தம்பி ஸாஜித். ஒலுவில் துறைமுகத்துல வள்ள எஞ்சின் திருத்திறவன். வெள்ளிக்கிழமைல வந்து, அதே றைபிள எடுத்து, பேணிய வரிசையாத் தட்டி விழுத்திட்டுப் போவான்.

பாஸ் அந்த றைபிளுக்குச் செய்யாத வேல இல்ல. துவக்கோட வந்த மரக்கட்டையக் கழட்டிட்டுப் பலாப்பலகையில புதுக்கட்டை செதுக்கினாரு. தோளுல படுற இடத்துல பழைய செருப்பு றப்பர வெட்டி ஒட்டினாரு. கன்னத்தச் சாய்க்க ஒரு மேடு வெச்சாரு. விசைய இலேசாக்கினாரு. குண்டு மட்டும் மண்மூட்டைக்குத்தான் போகுது.

ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில எல்லாருக்கும் முன்னால ஸாஜித் சொன்னான்: "மச்சான் கதவுக்குச் சுட்டா ஜன்னலுக்குப் படும்."

கடையே சிரிச்சிச்சு. பாஸுக்குக் கோவம் ஏறிட்டு. "டேய், வாற வெள்ளிக்கிழமை நான் தோத்தா துவக்கு ஒனக்கு. எடுத்திட்டுப் போ."

சொன்னதுக்குப் பொறகுதான் யோசிச்சாரு. பெத்த புள்ள மாதிரிச் செதுக்கின கட்டை. ஊரே கேட்டுட்டு, இனி வாபஸ் வாங்கேலா.

மறுநாள் ஒரு கதவுப் பலகைய வளவுல வெச்சிச் சீவினாரு. ஓரம் நேரா இருக்கா எண்டு பாக்க, பலகைய முகத்துக்கிட்ட தூக்கி ஒரு கண்ண மூடினாரு. மீன் கழுவிக் கொண்டிருந்த ஸுஹைறா நிமிர்ந்து பாத்தா.

"இஞ்சாருங்க, இப்ப எந்தக் கண்ண மூடினீங்க?"

"இதென்ன கேள்வி?"

"சொல்லுங்களன்."

திரும்ப மூடிப் பாத்தாரு. "வலக்கண்ண."

"அப்ப துவக்க மட்டும் ஏன் வலத்தோளுல வெக்கிறீங்க? இடக்கண்ணால பாக்கிறத்துக்கு கழுத்த வளைச்சி வளைச்சி, தண்ணி குடிக்கிற கோழி மாதிரி நிக்கிறீங்க."

"வலக்கைதானே முறை? சின்ன வயசுல நான் இடக்கைய நீட்டினா உம்மா அகப்பக்காம்பால போடுவா."

"உம்மா அடிச்சது சோத்துக்கு. துவக்குக்கு இல்ல!"

பாஸ் பலகையப் போட்டுட்டு உளிய எடுத்தாரு. கன்ன மேட்ட மத்தப் பக்கத்துக்கு மாத்தினாரு. தோள் படுற இடத்த இடத்தோளுக்குச் சாயச் சீவினாரு. தூக்கி வெச்சிப் பாத்தா, கழுத்து நேர நிண்டிச்சு.

வெள்ளிக்கிழமை கடையே வளவுக்கு வந்திட்டு. ஆளுக்கு அஞ்சு பேணி. நடுவர் ஸுஹைறா.

முதல்ல ஸாஜித். துவக்க வழமைபோல வலத்தோளுல வெச்சான், கன்னம் இருக்க இடமில்ல. ரெண்டு பேணிதான் விழுந்திச்சு. மறுகா பாஸ் இடத்தோளுல வெச்சாரு.

"என்ன மச்சான், பீச்சாங்கையால?"

டப்பு. ஒண்டு. டப்பு. ரெண்டு. மூண்டாவது தப்பிட்டு. மத்த ரெண்டும் விழுந்திச்சு.

"இது கள்ளம்!" எண்டு கத்தினான் ஸாஜித். "மச்சான்ட ஒடம்புக்கேத்த மாதிரிச் செஞ்சிட்டு என்னச் சுடச் சொல்றீங்களா?"

ஸுஹைறா இடுப்புல கைய வெச்சா. "இவ்வளவு காலமும் அந்த மனிசன் ஒன்ட ஒடம்புக்கேத்த துவக்காலதானே சுட்டாரு. அப்ப எங்க போச்சு ஒன்ட ஞாயம்?"

ஸாஜித் மெல்லக் கேட்டான்: "எனக்கும் ஒரு கட்டை செஞ்சு தருவீங்களா, மச்சான்?"

"பெரிய பாரை மீனோட வா. பாப்பம்."

எல்லாரும் சிரிக்க, ஸுஹைறா பொரிச்ச றோல்ஸ் தட்டோட வந்தா. பாஸ் றைபிள வலக்கையால அணைச்சபடி, போட்டியில வெண்ட இடக்கையத் தட்டுக்குப் பெருமையா நீட்டினாரு.

பட்டெண்டு அந்தக் கையில ஸுஹைறாட ஒரு அடி.

"துவக்குக்கு மட்டுந்தான் எண்டன்!"