நாலு முழம் தண்ணீர்

அன்று காலை காலனிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ரெண்டு தெருவுக்கும் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் காலனி ஏழுமலை இறந்த சேதி எங்களுக்கு அப்படித்தான் வந்தது. காலிக் குடங்களோடு நின்று அவனைத் திட்டினோம். நானும் திட்டினேன். போய்ப் பார்த்தால், தொட்டிக்குக் கீழே வால்வுக் குழியோரம் சாய்ந்து கிடந்தான். மடியில் பாதி திரித்த கயிறு. ஊர்த்தெரு வால்வு திறந்தபடியே இருந்தது. அங்கே குடமெல்லாம் நிரம்பி, வண்டிகூடக் கழுவியாகிவிட்டது. இன்றைக்கு ஏன் தண்ணீர் நிற்கவில்லை என்று ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் விடமாட்டேன். எனக்கு எழுத வராது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

அவன் வழக்கம் ஊருக்கே தெரியும். கல்வராயன் மலையில் மழை தவறினால் எங்கள் போர்வெல்லில் தண்ணீர் கம்மி. தொட்டி பாதிதான் ஏறும். ஏழுமலையிடம் கடிகாரம் கிடையாது. ஒரு தெருவுக்குத் திறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் நாரில் மாட்டுக்கயிறு திரிப்பான். நாலு முழம் ஆனதும் மூடி, அடுத்த தெருவுக்குத் திறப்பான். ஊர்த்தெருவுக்கு நாலு, காலனிக்கு நாலு.

ஒரு கோடையில் ஊர்த்தெரு நிலக்காரர் மகன் வந்து நின்றார். "உங்க ஆளுங்கன்னா கை மெதுவா போவுதாமே?" என்று குத்தினார். ஏழுமலை நாரை எடுத்து நீட்டினான்.

"அப்ப காலனிக்கு நீங்களே திரிங்க சின்னவரே. நாலு மொழம் ஆனதும் மூடிடறேன்."

சின்னவர் என்றைக்குக் கயிறு திரித்தார்? முறுக்கு ஏறவில்லை, ஏறியதும் பிரிந்துபோனது. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். அன்று காலனியில் அண்டா, சட்டி, ஆட்டுத்தொட்டி வரைக்கும் நிரம்பியது. அதன்பின் அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு ரெண்டு முழம் கூட விடச் சொல்லிக் கேட்டேன்.

"உனக்கு வுட்டுட்டு, நாளைக்கு அவங்களுக்கு இன்னா சொல்லி மூடுவேன்ணே?" என்றான்.

கோபத்தில் அவனைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. விடியற்காலையில் பார்த்தால், தூரத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் கேன் கட்டித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருக்கிறான். நாலு நடை வந்தான். சாப்பிடாமல் தொட்டிக்குப் போய்விட்டான்.

அவனுக்கு நாங்கள் அஞ்சலி பேனர் கட்டியபோது, "வால்வு தொறக்கறவனுக்கு இவ்ளோ ஜாஸ்தியா?" என்று ஒருவர் சிரித்தாராம். ஆமாம், இவ்வளவு ஜாஸ்திதான். இதைவிடப் பெரிய பேனர் கிடைத்திருந்தால் அதையும் கட்டியிருப்போம். மற்ற பேனர்களில் இருக்கிற எத்தனை பேர் தங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஒரே முழம் போட்டார்கள்?

அடக்கம் முடிந்த மறுநாள் வால்வுச் சாவியைக் கேட்டு ஊர்த்தெருவிலிருந்து ஆள் வந்தது. ஏழுமலை பெண்சாதி அதை என் கையில் கொடுத்திருந்தாள். "பஞ்சாயத்து ஆள் போடட்டும். எம்பக்கத்துல குந்தி நாலு மொழம் திரிச்சிக் காட்டட்டும், குடுக்கறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் செத்த அன்றைக்கு ஊர்த்தெரு கூடுதலாகக் குடித்த தண்ணீரைக் கழித்துவிடச் சொன்னார்கள் காலனிப் பையன்கள். நான் கேட்கவில்லை. அவன் மடியில் கிடந்த கயிறு ரெண்டு முழம் இருந்தது. அவன் பாதியில் விட்ட முறையை முடிக்க ஊர்த்தெருவுக்குத் திறந்துவிட்டு, மீதி ரெண்டு முழத்தைத் திரித்தேன். மூடினேன். காலனிக்குத் திறந்துவிட்டுப் புது நாரை எடுத்தேன்.

அந்தக் கயிறு என்னிடம்தான் இருக்கிறது. பாதி அவன் கை, நெருக்கமாக, ஒரே சீராக. மீதி என் கை, கோணலும் மாணலுமாக. அளந்து பாருங்கள், நாலு முழம்.