மாக் பிடான் கொடுத்த கடுதாசி

காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தேன். ஜப்பான்காரன் ஆட்சியில் கடிகாரமும் டோக்கியோ நேரம்தான். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து காஜா பேராங் பன்னிரண்டு மைல். டயர் கிடைக்காத காலம். தண்ணீர்க் குழாய் ரப்பரைச் சக்கரத்தில் சுற்றியிருந்ததால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரிந்தது.

அனுப்பியவர் அக்காளின் கணவர். ஐந்தாவது பிள்ளை பிறந்து மறுநாளோடு நாற்பத்து நான்கு நாள். பிரசவம் பார்த்த மாக் பிடான், அதாவது மருத்துவச்சி, வந்து அக்காளின் வயிற்றில் சுற்றிய துணிக் கட்டை அவிழ்த்துக் குளிப்பாட்ட வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்கலாம், அதுவரை புருஷனுக்குத் தனிப் பாய். மலாய்க்காரர் வழக்கம்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் ஒட்டிக்கொண்டது.

புறப்படும்போது அக்கா தண்ணீர்த் தொட்டியருகே மறித்தாள்.

“அவங்கள வரவேணாம்னு சொல்லிடுடா. அந்தக் கட்ட அவுத்தா, அடுத்த வருசம் நான் இருக்கமாட்டேன்.”

இந்தப் பிரசவத்தில் ரத்தம் நிற்க இரண்டு நாள் ஆயிற்று. ஒருவர் கூட்டிவரச் சொல்கிறார், ஒருத்தி வேண்டாம் என்கிறாள். மிதித்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்பதரை மணி. செங் ஊரைத் தாண்டி ஜப்பான்காரன் காவல் சாவடி. இறங்கி, குனிந்து வணங்கி, மறுபடி ஏறினேன். பத்தேகாலுக்குக் காஜா பேராங். கடையில் ஜப்பான்காரன் அச்சடித்த ஒரு டாலர் வாழைமர நோட்டுக்கு ஒரு மரவள்ளி வடை. உட்காரத் தோன்றாமல் நின்றே தின்றேன்.

மாக் பிடான், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தமிழை மறந்துவிட்ட செட்டி குலத்தவர். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டையும் சாரோங்கும், வாயில் மலாய். ‘தம்பி’ மட்டும் தமிழ். சைக்கிளைப் பார்த்ததும், “இந்தக் கொழாய் மேலயா நான் பன்னெண்டு மைல் வரணும், தம்பி? எனக்கே ஒரு பிடான் வேண்டியிருக்கும்” என்றார்.

தரையைப் பார்த்தபடி அக்கா சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“பிள்ள உண்டாகாம இருக்க வேர் ஏதாவது குடுங்க, மாக்.”

“எங்கிட்ட இருக்கிற வேரு அவளையும் சேத்துக் கொண்டுபோயிடும். நான் வராம இருக்கேன். ஆனா காரணம் தெரியாத புருஷன் எத்தன நாளு காத்திருப்பான்? நீ அவன்கிட்ட சொல்லு.”

“மாமாகிட்ட இதெல்லாம் எப்படி…”

“படிச்சவன்தான நீ? எழுது. நான் சொன்னதா வாசி.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதினேன்: ‘உடல் இன்னும் தேறவில்லை. தயவுசெய்து பொறுத்திருக்கவும்.’ திரும்ப மலாயில் வாசித்துக் காட்டச் சொன்னார்.

“‘மாத்தி’ எங்க?” என்றார். மலாயில் ‘மாத்தி’ என்றால் சாவு. “ இன்னொரு புள்ள வந்தா செத்துப்போவான்னு சொன்னேனே.”

“மறைவா இருக்கு, மாக்.”

“உங்கக்கா மறைவாச் சாகமாட்டா. எழுது.”

எழுதினேன்.

மதியம் ஒன்றேமுக்காலுக்கு அதே சாவடி. சிப்பாய் கடுதாசியைப் பிடுங்கித் தலைகீழாகப் பார்த்தான். மருந்துச் சீட்டு என்றேன். பொய் சொன்னதாக இன்றுவரை தோன்றவில்லை.

மூன்று மணிக்கு லயம். மாமா வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

“ஆளக் கூட்டியாரல?”

“கடுதாசி குடுத்தாங்க, மாமா.”

வாசித்தேன். ‘செத்துப்போவாள்’ என்ற சொல்லில் குரல் இறங்கிவிட்டது. உள்ளே அக்கா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“அந்த வரியத் திருப்பிப் படி.”

படித்தேன், இம்முறை சத்தமாக.

“எத்தன நாளுன்னு போட்டிருக்கு?”

“அவங்க வந்து அவுக்கிற வரைக்கும்.”

“எப்ப வருவாங்களாம்?”

“அது போடல, மாமா.”

கத்தியைக் கீழே வைத்தார். உள்ளே போனார். காஜா பேராங்கில் சொந்தமில்லாத ஒருவரிடம் சொல்ல முடிந்தது. சொந்த வாசலில் சைக்கிள் ஹேண்டிலை நான் இன்னும் விடவில்லை.

மாமா சுருட்டிய பாயோடு வெளியே வந்தார். நான் படுக்கும் ஐந்தடம்பலத்தை, வாசலையொட்டிய குறுகிய நடையை, பார்த்தார். அங்கே ஒருவருக்குத்தான் இடம்.

“ஒன் பாயக் கொஞ்சம் தள்ளிப் போடுடா” என்றார்.