டேய் சொல்ல வராத வில்லன்

என் மருமகனுக்கு இரண்டு வேலை. வாரத்தில் ஆறு நாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மல்யுத்த மேடையில் ஏறி அடி கொடுப்பார், அடி வாங்குவார். மேடையில் அவர் வில்லன். ‘இடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் இடிபடுவது கதவு நிலையில் அவருடைய தலை மட்டும்தான். அவ்வளவு உயரம்.

யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். அது தெரிந்தும் எதற்குப் பார்க்கிறாய் என்று என்னைக் கேலி செய்பவர்கள் உண்டு. சினிமாவில் செத்தவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான் என்று தெரிந்துதானே அழுகிறோம்? இதுவும் அப்படித்தான். இதில் என்னோடு யாரும் வாதாட வர வேண்டாம்.

எனக்கு அடியைவிட, அடிக்கு முன்னால் மைக்கைப் பிடித்து எதிராளியிடம் பேசுகிறார்களே, அதுதான் முக்கியம். புரோமோ என்பார்கள். யார் யாரைத் தூக்கிப் போட்டார்கள் என்பதெல்லாம் மறந்துபோகும். பேச்சு மறக்காது. முன்பு ஒரு குண்டு ஆள் இருந்தார். ஒருநாள் எதிராளி கால் மணி நேரம் கத்தித் தீர்த்தபிறகு இவர் மைக்கை வாங்கி, “எனக்குப் பசிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். அரங்கமே கப்சிப். அன்றைக்கு ஜெயித்தது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தப் பசி மட்டும் இன்னும் காதில் நிற்கிறது.

என் மருமகனுக்கு அந்தப் பேச்சுதான் வரவில்லை. பிடி போடுவதில் கெட்டிக்காரர். கையை முறுக்கினால் எதிராளி மீனாய்த் துள்ளுவான். ஆனால் மைக்கைக் கொடுத்ததும் ஜனங்கள் குளிர்பானம் வாங்க எழுந்து போய்விடுவார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். அவருக்கு யாரையும் ‘நீ’ என்று சொல்ல வராது. தினமும் எழுபது எண்பது பேரிடம், “உக்காருங்க, கையக் குடுங்க, பயப்படாதீங்க” என்று பேசிப் பேசி நாக்கு அப்படியே பழகிவிட்டது. என் மகளையே கல்யாணமாகி நாலு வருஷம் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார். பேத்தி பிறந்த அன்று அந்தப் பச்சைக் குழந்தையைப் பார்த்து, “அழாதீங்க” என்றார். இவர் போய் ‘டேய், உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மல்யுத்தக் கம்பெனியின் முதலாளி பழைய மல்லர். இரண்டு காதும் நசுங்கிப் போன மனிதர். ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஒம்பது வருஷம் உனக்காகப் பொறுத்தாச்சு. இந்த ஞாயித்துக்கிழம சிங்கத்துக்கு எதிரா நீ மைக்ல பேசுற. ஜனம் அசையணும். அசையலைன்னா அடுத்த மாசத்துலேருந்து முகமூடி.”

சிங்கம் என்பது மேடையில் நல்லவனாக வரும் மல்லனின் பெயர். முகமூடி என்றால் என்னவென்றும் எங்களுக்குத் தெரியும். பெயர் கிடையாது. முகம் தெரியாது. வாரா வாரம் யாரிடமாவது தோற்றுவிட்டுப் போகும் ஆள். அதற்கு ஒரு சணல் மூட்டை போதும்.

“சரிங்க” என்றார் மருமகன். அதற்கும் ஒரு ‘ங்க’.

முதலாளி போனபிறகு அவர் கண்ணாடி முன்னால் போய் நின்று கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பளை அழகு பார்க்கிறான் என்று நினைப்பீர்கள். அந்த முகத்தை மூடப் போகிறார்களே என்று பார்த்தது எனக்குத் தெரிந்தது.

கம்பெனியில் வசனம் எழுதித் தர ஒருவர் உண்டு. அவரை எல்லோரும் ‘வசனம்’ என்றே கூப்பிடுவார்கள். அவர் எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் ஒத்திகை நடந்தது. எதிரில் சிங்கமாக நிற்க ஆள் வேண்டும். மகள் நின்றால் சிரித்துவிடுவாள். நான் நின்றேன்.

“சொல்லுங்க மாப்பிள்ளை. டேய்.”

“உங்களப் பாத்து எப்படி அத்தை?”

“நான் இப்போ அத்தை இல்ல. சிங்கம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “டேய்... உன் எலும்ப எண்ணி... மன்னிச்சிருங்க அத்தை.”

“எலும்ப எண்ணுறதுக்கு எதுக்கு மன்னிப்பு? எண்ணுங்க.”

“உங்க எலும்ப எண்ணி உங்க கையிலயே குடுப்பேன்.”

கதவுக்குப் பின்னால் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “என்னங்க, அப்படியே பில்லும் குடுப்பீங்களா?”

“சும்மா இருடி. அவரு மூஞ்சி போகப்போகுது, உனக்குச் சிரிப்பு.”

எனக்கு எழுத்து தெரியாது. அந்தக் காகிதத்தில் இருந்தது அழகான வசனமோ என்னவோ. ஆனால் காதில் விழுவது அவருடையதா, வாடகைக்கு எடுத்ததா என்று தெரியும். எலும்பு, ரத்தம், சுடுகாடு என்று எல்லா வில்லனும் சொல்வதையே இவரும் சொன்னார். அதைச் சொன்னேன். மருமகன் தலையாட்டினார். வசனகர்த்தாவிடம் போய்ச் சொன்னேன்.

“பெரியம்மா, இதுல உங்களுக்கு என்ன தெரியும்?” என்றார்.

“உங்க வசனம் கேட்டுக் குளிர்பானக்காரன் ரெண்டு மாடி வீடு கட்டிட்டான். அது தெரியும்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, பழைய கிடங்கு. நடுவில் கயிறு கட்டிய மேடை, சுற்றிலும் இரும்பு நாற்காலிகள். நானும் மகளும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். சிங்கம் முதலில் வந்தது. ஜனங்களுக்கு அவன் மேல் உயிர். பிடரி மாதிரி முடி, தங்க நிறச் சட்டை. பின்னால் என் மருமகன் வந்து மைக்கை வாங்கினார்.

“டேய்” என்றார்.

குரல் பாதியில் கிழிந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், “தம்பி, தண்ணி குடிச்சுட்டுப் பேசு” என்றான். சிரிப்பு. நாற்காலிகள் நகர்ந்தன. மருமகன் வாய் திறந்திருக்கிறது, பேச்சு வரவில்லை. காகிதத்தில் இருந்ததெல்லாம் பறந்துவிட்டது. மேடையின் ஓரத்தில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் என் விரலை நெரித்தாள்.

சிங்கம் கேலியாக ஒரு கையை நீட்டியது. “பேச வராதா? சரி, தொட்டுப் பாரு. தைரியம் இருந்தா தொடு.”

நீட்டிய கையைக் கண்டால் என் மருமகன் என்ன செய்வார்? வருஷக்கணக்காகச் செய்வதைச் செய்தார். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மலர்த்தினார். முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். குனிந்து உற்றுப் பார்த்தார். மைக் அவருடைய வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதை மறந்தே போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

“நரம்பு நல்லா இருக்கு” என்றார்.

கிடங்கில் சத்தம் குறைந்தது.

“விரல மடக்கிக்கங்க. இறுக்கமா வேணாம். பயப்படாதீங்க. தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கங்க.” குழந்தையிடம் பேசுகிற குரல். “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

சிங்கம் நிஜமாகவே தலையைத் திருப்பிக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அது முன்கூட்டிப் பேசி வைத்ததில்லை. என் பக்கத்தில் இருந்த தடிமனான ஆள் ஒருவர் தன் முழங்கையைப் பொத்திக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பெண், “ஐயோ, வேண்டாம்” என்றாள், மெதுவாக, தனக்குத்தானே. அப்புறம்தான் மருமகன் அந்தக் கையை முறுக்கினார். கிடங்கே அலறியது.

எலும்பை எண்ணிக் கொடுத்தவன் யாரையும் நாம் பார்த்ததில்லை. எறும்பு கடிக்கும் என்று சொன்னவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பொய்யை நம்பிக் கையை நீட்டாதவர் யார்? நல்ல பேச்சு என்பது கேட்பவன் உடம்பில் ஏற்கனவே இருக்கிற ஒரு வலியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இதை நான் சொன்னால் வசனகர்த்தா ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

ஆனால் முதலாளி லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை.

“நாக்கு தவறி ஒரு தடவ யாருக்கும் நல்லா வந்துரும். அடுத்த வாரமும் வரணும். அப்போதான் முகமூடிய எடுத்து உள்ள வைப்பேன்.”

அந்த ஆறு நாளும் வீட்டில் நரகம். மருமகன் அதே வரியைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். பல்லைக் கடித்துச் சொன்னார். கண்ணை உருட்டிச் சொன்னார். செத்த பாம்பு மாதிரி கிடந்தது. “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், ஹா ஹா” என்றுகூட ஒருதரம் சிரித்துப் பார்த்தார். பேத்தி கொட்டாவி விட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

“அத்தை, நான் எப்படிப் பழகுறது?”

“நாளைக்கு வேலைக்குப் போறீங்கல்ல? அங்க பழகுங்க.”

“அங்க நான் யாரையும் மிரட்டலையே.”

“மிரட்டாதீங்க. அதான் சொல்றேன்.”

அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். நானும் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிறு கிடங்கில் உட்கார இடமில்லை. போன வாரம் வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். மருமகன் உள்ளே நுழைந்ததும் வசைமழை. அதிலும் ஒரு விசேஷம். அத்தனை பேரும் மரியாதையாகத் திட்டினார்கள்.

“வெளிய போங்க.”

“உங்க மூஞ்சியும் நீங்களும்.”

“தயவுசெஞ்சு நாசமாப் போங்க.”

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. எனக்கும் ஆசை வந்துவிட்டது. மருமகனாவது மருமகன், வில்லன் வில்லன்தானே. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. “கட்டையில போறவரே” என்றேன்.

மருமகன் மேடை நடுவில் நின்றார். யாரையும் முறைக்கவில்லை. கூட்டத்தை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார், காத்திருப்பவர்களை எண்ணுகிற மாதிரி. அவர் பார்வை பட்ட வரிசை ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் என் மேல் வந்து நின்றது. மைக்கை எடுத்தார்.

“அடுத்தது நீங்களா?” என்றார், அன்பாக. “வாங்க.”

அன்று காலையில் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டவர் அவர்தான். அவர் ஈக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டார் என்று யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். ஆனாலும் என் கை தானாக முழங்கையைப் பொத்தியது. வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மேடையோரத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தேன். அவரும் முழங்கையைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்.