தோளில் சாய்ந்த தலை

பஸ் என்றாலே எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்ட காலம் அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த கல்லூரிக்குப் போவதையே நிறுத்தியிருந்தேன். ஆஸ்பத்திரியில் எனக்கு அமைந்த மனநல கவுன்சிலர் ஒல்லியான அம்மாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மூச்சை எப்படி விடுவது, பயம் சொல்வதை எப்படி எதிர்த்துக் கேட்பது என்றெல்லாம் சொல்லித் தந்தார். பிறகு என்னோடு பஸ்ஸிலும் வந்தார். வெள்ளை கேட் நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். நெசவுக்காரர் வீட்டில், தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு பஸ் இரைச்சல் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொள்வேன். அவர் தலை என் தோளில் சாயும். நான் எழுந்தால் அவர் விழுந்துவிடுவார் என்பதால் வியர்த்தபடி உட்கார்ந்தே இருப்பேன்.

நான் மறுபடி கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு, சிகிச்சையில் எது வேலை செய்தது என்று ஆராய்கிறவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

"மூச்சுப் பயிற்சியா, யோசனையை மாத்தினதா, பஸ்ல போய்ப் பழகினதா? எதும்மா உனக்கு உதவிச்சு?"

"மேடம் தூங்கினது சார்."

அவர் சிரித்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேடம் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்.

"நான் எங்கபா தூங்கினேன்? நீ பாதியில எறங்கி ஓடிடுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன். அதான் உன் மேல சாஞ்சுக்கினேன்."

எனக்குக் கோபமும் வரவில்லை, நன்றி சொல்லவும் தோன்றவில்லை.

இப்போது தினமும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பயம் இல்லை, வேறு எதுவும் பெரிதாக இல்லை. பக்கத்தில் யாராவது கண்ணை மூடியிருந்தால் மட்டும், நிஜமாகவே தூங்குகிறாரா என்று இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.